மடைக்காரி ஒச்சாயி கேட்ட சாட்சி

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரே ஒரு கண்மாயாம், அந்தக் கண்மாய்க்கு ஒரே ஒரு மடையாம். ஊரு பேரு நெடுங்கரை. அங்க நல்லமுத்து ராசான்னு ஒரு ராசா இருந்தாரு. நல்ல மனுசன்தான், ஆனா யாரு எதைச் சொன்னாலும் "அப்படியா?"ன்னு கண்ணை விரிச்சுக் கேட்டுட்டு அதையே நம்பிருவாரு.

மடைன்னா இப்ப இருக்கிற மாதிரி திருகுற சக்கரம் எல்லாம் அப்பக் கிடையாது. கரைக்கு அடியில, மூணு ஆள் ஆழத்துல ஒரு பொந்து. அந்தப் பொந்துல ஒரு மரக்கட்டையை இறுக்கி அடைச்சிருப்பாங்க. வயலுக்குத் தண்ணி வேணும்னா ஒரு ஆளு மூச்சைப் பிடிச்சு உள்ள முங்கி, அந்தக் கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கணும். பிடுங்குன உடனே தண்ணி குபுகுபுன்னு போகும், ஆளையும் சேத்து இழுக்கும். விலகத் தெரிஞ்சவன் மேல வருவான், தெரியாதவன் வரமாட்டான். அம்புட்டுதான்.

அந்த ஊரு மடையில முங்குறது ஒரு பொம்பளை. பேரு ஒச்சாயி. அவ அப்பன் மடைக்காரன், அவருக்கு அப்பனும் மடைக்காரன், அவருக்கு அப்பனும் மடைக்காரன். ஆம்பளைப் பிள்ளை இல்லாததால அப்பன் இவளையே முங்கப் பழக்கிட்டாரு. நாப்பத்தஞ்சு வயசு, ஒல்லி உடம்பு, கண்மாய்த் தண்ணியில ஊறி ஊறி வெளுத்த கையி. வெடுக்குனு பேசுவா. அவ புருசன் சோணமுத்து, ஆடு மேய்க்கிறவன், அவன் பேசவே மாட்டான். வீட்டுக்கு ஒருத்தர் பேசுனாப் போதும்ல?

அப்ப ஒரு ஐப்பசி மாசம், வானம் கருக்கிட்டு நிக்கிது, அந்நேரம் பாத்து ரெண்டு சிஷ்யனுங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு ஆளு ஊருக்குள்ள வந்தாரு. மேலுக்கெல்லாம் திருநீறு, இடுப்புக்குக் கீழ தொங்குற சடை, கண்ணு ரெண்டும் நல்லெண்ணெய் விளக்கு மாதிரி மினுக்கு மினுக்குன்னு இருக்கும். நேரா அரண்மனைக்குப் போயி, "நான் ஆகாசத்துல இருந்து வர்றேன். நான்தான் சாமி. நாளைக்கு இந்த ஊருல மழை பெய்ய வைக்கப் போறேன்"ன்னு சொன்னாரு.

"அப்படியா?"ன்னாரு ராசா.

மறுநாள் மழை பெஞ்சிருச்சு! ஊரே போயி அவரு கால்ல விழுந்துச்சு. அன்னைக்கே ஆகாசச் சாமின்னு பேரும் வச்சாச்சு. ஒச்சாயி மட்டும், "ஐப்பசியில மழை வரும்னு சொல்றதுக்கு ஆகாசத்துல இருந்தா வரணும்? எங்க வீட்டு எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு மேல போறப்பவே சொல்லிருச்சே"ன்னு சொல்லிட்டா. அந்தப் பேச்சு வாய் மாறி, வாய் மாறி, ஆகாசச் சாமி காதுக்குப் போயிருச்சு.

அவருக்கு ஊரே கும்பிட்டது பத்தல, கும்பிடாத அந்த ஒருத்திதான் கண்ணுக்குள்ள உறுத்துறா. பல்லு இடுக்குல மாட்டுன நாரு மாதிரி. சிலபேரு அப்படித்தான்.

ராசாகிட்டப் போயி, "என்னை நம்பாத ஆளு ஒருத்தி இருந்தா என் அருள் இந்த ஊருல தங்காது"ன்னாரு. ராசா ஒச்சாயியைக் கூப்பிட்டு விட்டாரு. அவ பிறந்ததுல இருந்து ராசாவுக்குத் தெரிஞ்சவ, அவ அப்பன் முங்கித் திறந்த தண்ணியில விளைஞ்ச சோத்தைத்தான் ராசாவும் தின்னு வளந்தாரு. அதனால எடுத்த எடுப்புல கோவப்படல.

"ஏ ஒச்சாயி, நீ ஏன் சாமியை நம்பமாட்டேங்கிற?"

"சாமின்னு எப்படித் தெரியும் ராசா?"

"அவரே சொல்றாரே!"

"நான் மகாராணின்னு நானும்தான் சொல்லுவேன்."

ராசா ரோசனை பண்ணாரு. "சரி, சாட்சி காட்டுனா நம்புவியா?"

"பாக்கலாம்"னா.

அப்ப ஆகாசச் சாமி பத்தடி நீளத்துக்கு நெருப்பு வளக்கச் சொல்லி, கங்கு செவ செவன்னு ஆனதும், ஊரே பாக்க அதுல நடந்து இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போனாரு. கால்ல ஒரு கொப்புளம் இல்ல. ஊரு, "சாமி! சாமி!"ன்னு கத்துச்சு. ராசா திரும்பி, "இப்ப நம்புறியா ஒச்சாயி?"ன்னாரு.

"இல்ல ராசா. நம்ம மாரியாத்தா கோயில் பூக்குழியில வருசா வருசம் எழுவது பேரு இறங்குறாங்க. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுக்கூட இறங்குறாங்க. எழுவது பேரும் சாமியா?"

ஆகாசச் சாமிக்கு மூக்கு விடைச்சுது. "நீ உன் வீட்டுல கருப்பனுக்கு விளக்கு வைக்கிறியே, அவன் உனக்கு என்ன சாட்சி காட்டுனான்?"ன்னு மடக்குனாரு. நல்ல கேள்விதான், என்ன? நீங்களும் அதைத்தான் கேக்க வந்தீங்க, தெரியும்.

ஒச்சாயி சொன்னா, "கருப்பன் ஒரு சாட்சியும் காட்டல. ஆனா அவரு எங்கிட்ட வந்து நான்தான் சாமின்னு சொன்னதும் இல்ல. எங்க அப்பன் கும்பிட்டாரு, நானும் கும்பிடுறேன். பக்கத்து வீட்டுக்காரி கும்பிடலைன்னு அவரு கோவிச்சுக்கிட்டதும் இல்ல."

ரெண்டாம் நாளு ஆகாசச் சாமி ஒரு பானையை வாய் கட்டிக் கொண்டுவரச் சொன்னாரு. "உள்ள என்ன இருக்குன்னு கட்டைப் பிரிக்காமச் சொல்றேன்"ன்னு, கண்ணை மூடி, "உள்ள ஒரு வெண்கல மணி, மாட்டுக் கழுத்து மணி, நாக்கு உடைஞ்சது"ன்னாரு. பிரிச்சுப் பாத்தா, மணி! நாக்கு உடைஞ்ச மணி! பானை கட்டுன வீட்டு வாசல்ல சிஷ்யன் காலையில பிச்சைக்கு நின்னதை யாரும் நினைச்சுப் பாக்கல. ஊரு, "சாமி! சாமி!"ன்னு கத்துச்சு. "இப்ப நம்புறியா ஒச்சாயி?"

"இல்ல ராசா. மேலத்தெரு கோடாங்கி உடுக்கை அடிச்சு, காணாமப் போன ஆடு எந்த முள்ளுக்காட்டுல நிக்குதுன்னு சொல்றான். போன மாசம் எங்க ஆட்டையே சொன்னான். அவன் மறுநாள் எங்கிட்டக் கஞ்சி வாங்கிக் குடிச்சிட்டுப் போறான். அவனும் சாமியா?"

மூணாம் நாளு கோயில் ஊருணிக்குக் கூட்டிப் போனாரு. இடுப்பளவு தண்ணி, சுத்தி நாணல் அடர்ந்து கெடக்கு. "ஒரு நாழிகை தண்ணிக்குள்ள இருக்கப் போறேன்"ன்னு உள்ள உக்காந்தாரு. மனுசன் உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. பொம்பளைங்க அழுக ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு நாழிகை கழிச்சு சடையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட எந்திரிச்சு நின்னு சிரிக்கிறாரு. ஊரு, "சாமி! சாமி!"ன்னு கத்துச்சு. "இப்ப நம்புறியா ஒச்சாயி?"

"இல்ல ராசா. குளம் வத்துனா விரால் மீனு ஈரச் சேத்துக்குள்ள மாசக்கணக்குல உசுரோட கெடக்கு. நாம அதைப் பிடிச்சுக் கொழம்பு வைக்கிறோம்."

இப்ப ராசாவுக்கே கோவம் வந்திருச்சு. "தீயில இறங்குனாரு, பத்தாதுன்ன. பானைக்குள்ள இருந்ததைச் சொன்னாரு, பத்தாதுன்ன. தண்ணிக்குள்ள இருந்தாரு, பத்தாதுன்ன. அப்ப எதுதான் உனக்குப் பத்தும்? எதைக் காட்டுனாலும் நம்பக் கூடாதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டியா? அப்படின்னா உங்கிட்ட சாட்சி காட்டி என்ன பிரயோசனம்? நீயே சொல்லு, என்ன நடந்தா நீ நம்புவ?"

ஒச்சாயி வாயைத் தொறந்தா. மூடுனா. அவ பதில் சொல்லாம நின்னு ஊருல யாரும் பாத்ததில்ல.

"நாயமான கேள்விதான் ராசா"ன்னா மெதுவா. "எனக்கே தெரியல. ரோசிச்சுச் சொல்றேன்."

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. அதுவரைக்கும் நீ மடையைத் தொடக் கூடாது. உன் வீட்டுக்கு யாரும் நெருப்புக் குடுக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையும் பதில் இல்லைன்னா ஊரை விட்டுப் போயிரு."

"நான் மடையைத் தொடலைன்னா யாரு திறக்கிறது?"

"என் கண் பாத்தாலே மடை திறக்கும்"ன்னாரு ஆகாசச் சாமி. சொன்னதோட விடல. கண்மாய் நிறைஞ்சு மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓடுறதுக்குக் கரையோரத்துல ஒரு கலுங்கு இருந்துச்சு. "என் அருளால வந்த தண்ணி வீணாப் போகலாமா? அதை அடைங்க"ன்னாரு. "அப்படியா?"ன்னுட்டு ராசா கல்லும் சுண்ணாம்பும் போட்டு அதை அடைச்சிட்டாரு. ஒச்சாயி கரையில நின்னு, "அடைக்காதீங்க, கரை தாங்காது"ன்னு கத்துனா. நம்பாதவ பேச்சை யாரு கேக்குறா?

வீட்டுல சோணமுத்து அன்னைக்கு வாயைத் தொறந்தான். வருசத்துக்கு ஒருதரம் தொறக்கிற வாயி. "நம்பிட்டேன்னு சொல்லிட்டு வாயேன் ஒச்சாயி. வாய் தேஞ்சா போயிரும்?"

"வாய் தேயாதுய்யா. ஆனா ராசா எங்கிட்டக் கேட்டது பொய்யான கேள்வி இல்லையே. நெசமாவே கேட்டாரு. நான் எப்படிப் பொய்யா பதில் சொல்றது?"

"அப்ப என்ன பதில் சொல்லப் போற?"

"அதான் தெரியலன்னேனே"ன்னு சொல்லிட்டு, ஆட்டுக்குக் குழை கட்டிக்கிட்டே ரோசிச்சா. பறந்தா நம்பலாமா? கொக்கு பறக்குது. மறைஞ்சா நம்பலாமா? திருடனும் மறையிறான். செத்துப் பிழைச்சா? அவ அப்பனை ஒரு தடவை செத்துட்டாருன்னு கரையில போட்டு ஒப்பாரி வச்சாங்க, அவரு இருமிக்கிட்டு எந்திரிச்சு வெத்தலை கேட்டாரு. எதை நினைச்சாலும் அதைவிடப் பெருசா ஒண்ணை அவ ஏற்கெனவே பாத்திருந்தா. அப்ப நான் சும்மா பிடிவாதக்காரியான்னு அவளுக்கே சந்தேகம் வந்து, ரெண்டு நாளு சோறு இறங்கல.

அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. சாதா மழையா? புதன் முழுக்க மழை, வியாழன் முழுக்க மழை, வெள்ளிக்கிழமை விடியிறப்பவும் மழை. கண்மாய் தளும்பி நிக்கிது. கலுங்கு அடைச்சாச்சு, தண்ணிக்குப் போக வழி இல்ல. கரையில ஒரு விரல்கடை விரிசல் விட்டு, அதுல இருந்து சேத்துத்தண்ணி கசியுது. கரை உடைஞ்சா மொதல்ல போறது ஒச்சாயி வீடு இருக்கிற கீழத்தெரு, பெறகு வயலு, பெறகு ஊரு. கலுங்கை இடிக்கலாம்னு கடப்பாரையைக் கொண்டு போனாங்க, அடைச்ச கல்லுக்கு மேல அலை அடிச்சதுல பக்கத்துலயே நிக்க முடியல.

ராசா நனைஞ்சுக்கிட்டே கரைக்கு ஓடி வந்து, "சாமி, கண்ணால பாத்து மடையைத் திறங்க"ன்னாரு.

ஆகாசச் சாமி பாத்தாரு. மடை திறக்கல. மறுபடி பாத்தாரு. திறக்கல. கையைத் தூக்கி, கண்ணை உருட்டிப் பாத்தாரு. ம்ஹூம்.

"அவ நம்பல, அதான் திறக்க மாட்டேங்குது"ன்னாரு.

ஒச்சாயியைக் கூட்டியாந்தாங்க. ராசா கையெடுத்துக் கும்பிட்டு, "நம்பித் தொலை ஒச்சாயி, ஊரு போகப் போகுது"ன்னாரு.

"நம்பிட்டேன்னு வாயால சொல்லவா ராசா? பொய் சொன்னா மடை திறக்குமா?"

ராசா கும்பிட்ட கையை எறக்குனாரு.

"நீங்க கேட்டதுக்குப் பதில் கொண்டாந்திருக்கேன். இந்தக் கசிவைப் பாத்த பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அவரு தீயில நடந்தாரு, யாருக்காக? நாம கும்பிடணும்னு. பானைக்குள்ள இருந்ததைச் சொன்னாரு, யாருக்காக? நாம கும்பிடணும்னு. தண்ணிக்குள்ள உக்காந்தாரு, யாருக்காக? நாம கும்பிடணும்னு. கெட்டிக்காரங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். தன்னை நம்பாதவளுக்காக உசுரைக் குடுக்கிற ஆளை இன்னும் பாக்கல. இந்தக் கரை உடைஞ்சா மொதல்ல போறது என் வீடு. எனக்காக அவரு இறங்கட்டும். மடையைத் திறந்தா நான் விழுந்து கும்பிடுறேன். திறக்க முடியாம உள்ளயே போயிட்டாலும் கும்பிடுறேன்."

எல்லாரும் ஆகாசச் சாமியைப் பாத்தாங்க. ராசாவும் பாத்தாரு. "சாமி, ஒரு நாழிகை தண்ணிக்குள்ள இருந்தவரு நீங்க. இது நாலு மூச்சு வேலைதானே?"

ஆகாசச் சாமி தண்ணி ஓரத்துக்குப் போனாரு, திரும்பி வந்து, "தண்ணி கலங்கலா இருக்கு"ன்னாரு. மறுபடி போனாரு, திரும்பி வந்து, "இப்ப ராகுகாலம்"ன்னாரு. மூணாவது தடவை போயி, கால் கட்டைவிரலை நனைச்சுப் பாத்துட்டு, "என் தண்டம் நான் தங்கியிருக்கிற மடத்துல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்"ன்னு சொல்லிட்டுக் கரையில இருந்து இறங்கி நடந்தாரு. நடை வேகமாச்சு. பெறகு ஓட்டமாச்சு. சிஷ்யனுங்க அவருக்கு முன்னாலயே ஓடிட்டானுங்க.

ஒச்சாயி அதைப் பாத்துக்கிட்டு நிக்கல. சேலையை வரிஞ்சு கட்டுனா, மூணு தரம் மூச்சை இழுத்து விட்டா, நாலாவது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சா.

உள்ள ஒரே இருட்டு. கண்ணு உதவாது, கைதான் கண்ணு. கரையைத் தடவித் தடவிப் போயி, கட்டையைப் பிடிச்சு ஆட்டுனா. அசையல. ஊறி இறுகிப் போயிருக்கு. மேல வந்தா, மூச்சு வாங்குனா, மறுபடி போனா. கொஞ்சம் அசைஞ்சுது. மேல வந்தா. சோணமுத்து, "போதும் தாயி, வந்துரு"ன்னு அழுகுறான். மறுபடி போனா. இந்தத் தடவை ரொம்ப நேரம் வரல. ராசா மார்புல கையை வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

அப்பத் தண்ணி மேல ஒரு சுழி விழுந்துச்சு. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்ல பொளேர்னு சத்தம். மடை திறந்துக்கிச்சு!

ஒச்சாயி எங்க? சுழி இழுத்துச்சு, அவ பொந்து வாயில இருந்த மடைக் கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, அவ அப்பன் சொல்லிக் குடுத்த மாதிரி. வலது கையில ரெண்டு விரலு நசுங்கிப் போச்சு. அப்படியும் கல்லை விடாம, ஓரமா ஊர்ந்து, கரையோரம் தலையை நீட்டுனா. சோணமுத்து முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டான்.

சரி, ஆகாசச் சாமி என்ன ஆனாரு? அவரு குறுக்கு வழியா போகலாம்னு மடை அடைச்சிருந்ததால தண்ணி ஓடாமக் கெடந்த வாய்க்காலுக்குள்ள இறங்கி ஓடிக்கிட்டு இருந்தாரு. பின்னால சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா, ஆள் உசரத்துக்குத் தண்ணி வருது! அது உருட்டிக்கிட்டுப் போனதுல, ஒரு கருவேல மரத்துல சடை மாட்டித் தொங்குறாரு. கீழத்தெரு ஆளுங்க ஓடி வந்தாங்க.

"சாமி, தண்ணிக்குள்ளயே இருங்க, உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே"ன்னான் ஒருத்தன். அவன் கேலிக்குச் சொல்லல, பாவம், நம்பித்தான் சொன்னான்.

"அது நாணல் தட்டையை வாயில வச்சு மூச்சு விட்டதுய்யா! இழுங்கய்யா!"

"சாமிக்கு எதுக்கு நாணல் தட்டை?"

"சாமி இல்லய்யா, நான் மனுசன்! மனுசன்யா நான்!"

மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் மனுசன்னு சத்தியம் பண்ணான். பெறகுதான் கயிறு போட்டாங்க. சடை மட்டும் கருவேல மரத்துலயே நின்னுக்கிச்சு, அது ஒட்டுச் சடை. ராசா அவனைக் கொல்லல. "நீ அடைக்கச் சொன்ன கலுங்கை நீயே உன் கையால இடி. இடிச்ச பெறகு வருசா வருசம் வாய்க்கால்ல சேறு அள்ளு"ன்னு தீர்ப்புச் சொன்னாரு. அவன் அள்ளுனான். நாளடைவுல நல்லாவே அள்ளுனான்னு சொல்லுவாங்க.

அந்த வெள்ளிக்கிழமை இன்னும் முடியல, கேளுங்க. ஊரு சும்மா இருக்குமா? கும்பிட்டுப் பழகுன கையி. எல்லாருமா ஓடிப் போயி ஒச்சாயி கால்ல விழுந்து, "சாமி! சாமி!"ன்னு கத்துனாங்க. ராசாவும் சேத்துல மண்டி போட்டுட்டாரு.

"எந்திரிங்க ராசா, வேட்டி எல்லாம் சேறு"ன்னா ஒச்சாயி.

"நீ கேட்ட சாட்சி இதுதானே? நம்பாதவங்களுக்காக உசுரைக் குடுக்க இறங்கணும்னு நீதானே சொன்ன? உன்னை ஒதுக்கி வச்ச ஊருக்காக நீ இறங்குன. உன் பேச்சுப்படி நீதான் சாமி."

ஒச்சாயி நசுங்குன விரலை முந்தானையில சுத்திக்கிட்டே சொன்னா, "அப்ப நான் கேட்ட சாட்சியும் தப்பு ராசா. நான் மனுசி. கை வலிக்குது, குளிருது, பசிக்குது. இந்த வேலையை எங்க அப்பன் இருவது வருசம் செஞ்சாரு, அவரு கால்ல யாரு விழுந்தீங்க? இந்தச் சாட்சியை வச்சு நல்ல ஆளைக் கண்டுபிடிக்கலாம். சாமியைக் கண்டுபிடிக்க முடியாது போல."

"அப்பச் சாமிக்கு என்னதான் சாட்சி?"

"எனக்குத் தெரியல ராசா. உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. இப்ப யாராவது ஒரு காஞ்ச சேலை குடுங்க."

அவ சாகுற வரைக்கும் மடைக்காரியாவே இருந்தா, எட்டு விரலோட. யாராவது கும்பிட வந்தா வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வருவா. அவ செத்து மூணாம் மாசமே ஊருக்காரங்க கரையில ஒரு கல்லை நட்டு, மஞ்சளைப் பூசி, மடையாத்தான்னு பேரு வச்சிட்டாங்க. இருந்திருந்தா பிடுங்கிக் கண்மாய்க்குள்ள எறிஞ்சிருப்பா. செத்தவளால என்ன செய்ய முடியும்? இன்னைக்கும் அந்தக் கல்லு அங்க இருக்காம், நம்புறவங்க பூப் போடுறாங்களாம், நம்பாதவங்க அதுல துணி துவைக்கிறாங்களாம், அது ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்றது இல்லையாம்.

கரை நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. கேட்டவங்க கண்ணை மூடுங்க, கேக்காதவங்க காதைத் தேடுங்க.